ஊறுகாய்க்கும் எரிமலைக்கும் இடையே கவலை பங்கிடப்படும் முறை: ஒரு களஆய்வு

ஐஸ்லாந்தின் தெற்கு மேட்டுநிலத்தில் லாண்ட்மன்னலாய்கர் என்னும் வெந்நீர் ஊற்றுத் தலத்தில் தொடங்கி, தோர்ஸ்மோர்க் என்னும் பள்ளத்தாக்கில் முடிகிற மலைப்பாதைக்கு லாய்கவேகூர் என்று பெயர். நீளம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். சாதாரண மனிதர்கள் இதை நான்கு நாளில் நடக்கிறார்கள். 1997 முதல் இதே பாதையில் ஓட்டப்பந்தயமும் நடத்துகிறார்கள். அதில் வெல்கிறவர்கள் நான்கைந்து மணி நேரத்தில் ஓடி முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடுகிறார்கள். நடப்பவர்களைப் பற்றியும் ஓடுபவர்களைப் பற்றியும் போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டது. நடப்பதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேசுகிறவர்களைப் பற்றித்தான் எவரும் முறையாக ஆராயவில்லை. பயணம் நான்கு நாள், பேச்சு முக்கால் ஆண்டு என்றிருக்க, ஆய்வுலகம் சிறிய பகுதியை எடுத்துக்கொண்டு பெரிய பகுதியைக் கைவிட்டது எப்படி என்பது விளங்கவில்லை. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம் ஒரு வாட்ஸ்அப் குழு. அதன் உறுப்பினர்கள்: வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற மாமா, அவருடைய மகள், லண்டனில் மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் மருமகன், மருமகனின் தம்பி, திருநெல்வேலியை விட்டு நகராத, நகரும் உத்தேசமும் இல்லாத, மாமாவின் அக்கா (மாமாவைத் தவிர மற்ற எல்லாருக்கும் அத்தை), குறிப்பெடுப்பதைத் தவிர வேறெதிலும் தலையிடுவதில்லை என்று உறுதிபூண்ட இவ்வாய்வாளர். அத்தை பயணத்துக்கு வரவில்லை. ஆயினும் குழுவில் இருக்கிறார். இதன் முக்கியத்துவம் பின்னர் விளக்கப்படும். தரவுகளைத் திரட்டுவது எளிதாக இல்லை. ஒவ்வொரு நாளின் உரையாடலையும் அடைய, அன்றைய காலை வணக்கத்தின் ரோஜாப்பூக்களையும் சூரியோதயங்களையும் தாண்டிச் செல்ல வேண்டியிருந்தது.

முதலில் ஊறுகாயை எடுத்துக்கொள்வோம். எலுமிச்சையா, நார்த்தங்காயா, மாவடுவா என்று எழுந்த கேள்வி ஒரு வாரத்துக்குள் கிளைவிட்டது. எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் விமானத்தின் சரக்கறையில் கசியுமா? கண்ணாடிப் பாட்டிலா, பிளாஸ்டிக் டப்பாவா? ஒருவருக்கு ஒரு வேளைக்கு எத்தனை துண்டு? மாவடுவின் கொட்டையை மலைமேல் தூக்கிச் சுமப்பது நியாயமா? கடைசிக் கேள்வியை எழுப்பியவர் மருமகனின் தம்பி. கொட்டை உண்ணப்படுவதில்லை, ஆகவே அது வெறும் சுமை என்பது அவர் வாதம். மாமா இதை ஏற்கவில்லை. ஒரு கொட்டையைச் சப்பிக்கொண்டே ஒரு கிலோமீட்டர் ஏறலாம், அந்தத் தெம்பு உன் கணக்கில் எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். விவாதம் சமநிலையில் நின்றபோது மகள் ஒரு விதியைச் சுட்டினார்: பாதையோரத் தங்கும் குடில்களில் குப்பையை விட்டுவிட்டு வர முடியாது, தூக்கி வந்தவரே தூக்கிப் போக வேண்டும். அப்படியானால் சப்பிய கொட்டைகளும் தோர்ஸ்மோர்க் வரைக்கும் கூடவே வரும். இந்த உண்மை வெளிப்பட்டதும் மாவடு தோற்றது. நார்த்தங்காய் இன்னும் களத்தில் இருக்கிறது.

அடுத்து எரிமலை. பாதையின் பின்பாதியில் தெற்கு நோக்கி நடப்பவருக்கு இடப்பக்கம் மீர்தால்ஸ்யோகுல் என்னும் பெரும் பனிப்பரப்பு. அதன் அடியில் காட்லா என்னும் எரிமலை. அது கடைசியாகப் பெரிய அளவில் வெடித்தது 1918இல். அப்போது உருகிய பனி வெள்ளமாக இறங்கி, அள்ளிக்கொண்டு வந்த மணலைக் கடலில் கொட்டியதில் நாட்டின் தென்கரையே சில கிலோமீட்டர் முன்னால் நகர்ந்தது. பல நூற்றாண்டுகளாக நூறாண்டுக்கு ஒருமுறையாவது, பெரும்பாலும் அதைவிடச் சீக்கிரமாக, வெடித்து வந்த மலை இது. மருமகன் இதைப் படித்துவிட்டு ஒரு செய்தி அனுப்பினார்: “மாமா, காட்லா வெடிக்க வேண்டிய காலம் எப்பவோ தாண்டிடுச்சாம்.” மாமா கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினார். அத்துடன் காட்லா முடிந்தது. அடுத்த செய்தி டப்பாவின் மூடி திருகுமூடியா அழுத்துமூடியா என்பது பற்றியது.

இந்த இரண்டு தரவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும். கரையையே இடம்பெயர்த்த மலைக்கு ஒரு கட்டைவிரல், நார்த்தங்காய்க்கு ஒரு மாதம் என்றால் இந்தக் கணக்கு எந்த விதிப்படி போடப்பட்டது?

முன்னோர் கருத்து ஒன்று உண்டு. 1950களில் சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த நார்த்கோட் பார்க்கின்சன், 1957இல் வெளியான தம் நூலில் ஒரு நிதிக்குழுவை வருணித்திருக்கிறார். அக்குழு அணு உலைக்குச் சில நிமிடங்களில் ஒப்புதல் தந்துவிடும். சைக்கிள் கொட்டகையின் கூரைக்கு வெகுநேரம் வாதாடும். கூட்டத்தில் தரும் காப்பிச் செலவுக்கு அதைவிடவும் நேரம் எடுத்துக்கொள்ளும். அணு உலை எவருக்கும் புரிவதில்லை, கொட்டகை எல்லாருக்கும் புரிகிறது என்பது அவர் சொன்ன காரணம். பார்க்கின்சனின் கவனிப்பை ஏற்கலாம். காரணத்தை ஏற்க முடியவில்லை. புரியாத விஷயத்தில் மனிதர் வாய்திறக்க மாட்டார் என்ற அவருடைய அனுமானம் எங்கள் மாமாவைச் சந்திக்காமல் எடுக்கப்பட்டது.

ஆகவே புதிய விதி ஒன்று தேவைப்படுகிறது. இவ்வாய்வு முன்வைப்பது இது: ஒரு பொருளைப் பற்றிய பேச்சின் நீளம், அப்பொருளால் நேரக்கூடிய கேட்டுக்கு ஏற்ப அமைவதில்லை; அப்பொருளில் நமக்குள்ள தெரிவுகளுக்கு ஏற்ப அமைகிறது. ஊறுகாயில் தெரிவுகள் பல. காட்லாவில் தெரிவே இல்லை, வெடித்தால் வெடிக்கும். ஆனால் கவலை என்பது உள்ளே சுரந்துகொண்டே இருக்கிறது. அதற்கு எரிமலைப் பக்கம் வாய்க்கால் இல்லை. எனவே மடை திறந்திருக்கும் பக்கமாகப் பாய்ந்து, ஊறுகாய் வயலில் வந்து நிற்கிறது. இதைத் தெரிவு விதி என்று அழைப்போம்.

விதிக்கு இலக்கியச் சான்றும் உண்டு. ஜூல் வெர்ன் 1864இல் எழுதிய பூமியின் மையத்துக்கான பயண நாவலில், ஐஸ்லாந்தின் இன்னொரு எரிமலை வழியாகப் பேராசிரியர் ஒருவர் பூமிக்குள் இறங்குகிறார். அவர் கட்டிய மூட்டைகளில் வெப்பமானி, திசைகாட்டி, துப்பாக்கி, கோடரி, நூலேணி, ஆறு மாதத்துக்கு வேண்டிய இறைச்சியும் பிஸ்கட்டும் எல்லாம் உண்டு. ஜின் மதுவும் உண்டு. தண்ணீர் மட்டும் வழியில் ஊற்று கிடைக்கும் என்ற நம்பிக்கையில் போதுமான அளவு எடுக்கப்படவில்லை. விளைவாக அவருடைய மருமகன் தாகத்தில் செத்துப் பிழைக்கிறான். வெப்பமானியில் பல வகை உண்டு, துப்பாக்கியில் பல வகை உண்டு. தண்ணீரில் என்ன வகை? விதி தெளிவாகவே இயங்கியிருக்கிறது. எங்கள் மருமகனிடம் இதைச் சொன்னபோது, அந்தக் கதையில் வருவது உடன்பிறந்தவர் மகன், நான் மகளைக் கட்டியவன், ரெண்டும் வேற என்றார். ஆய்வுக்கு அவ்வேறுபாடு பொருட்டன்று.

இனி முன்னறிவிப்புக் காலம் பற்றிய ஓர் ஒப்பீடு. ரேக்யவிக்கிலிருந்து லாண்ட்மன்னலாய்கருக்கு, ஆற்றைக் கடக்கக்கூடிய உயரமான பேருந்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் ஹெக்லா என்ற எரிமலை தெரியும். 1970, 1980, 1991, 2000 என்று கிட்டத்தட்டப் பத்தாண்டுக்கு ஒருமுறை வெடித்துவந்து, அதன்பின் ஓய்வில் இருக்கிறது. வெடிப்பதற்கு முன் நிலநடுக்கமானிகளில் அது தரும் எச்சரிக்கை ஏறத்தாழ அரைமணியிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் வரைதான். மறுபுறம், பாதையோரக் குடிலில் ஒரு படுக்கை வேண்டுமென்றால் முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே பதிவுசெய்யத் தயாராக வேண்டும். குடில்களை நடத்துவது 1927இல் தொடங்கப்பட்ட ஐஸ்லாந்துச் சுற்றுலாச் சங்கம். முதல் நாள் முடிவில் தங்கும் ஹ்ராஃப்ன்டின்னுஸ்கர் குடிலில் 52 பேருக்குத்தான் இடம். ஆக, எரிமலை ஒரு மணி நேரத்தில் முடிவெடுக்கிறது. படுக்கை முக்கால் ஆண்டு கேட்கிறது. மாமா வங்கிக்காரர். முன்பணம், இரத்து, திருப்பித்தரும் தொகை என்று தெரிவுகள் நிறைந்த இந்தப் பகுதியில் அவர் காட்டிய ஆழத்தை வியக்காமல் இருக்க முடியாது.

ஹெக்லாவைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்லிவிட வேண்டும். 2000 பிப்ரவரியில் அது வெடித்தபோது வேடிக்கை பார்க்க ஏராளமானோர் கார்களில் புறப்பட்டுப் போனார்கள். எரிமலை அவர்களை ஒன்றும் செய்யவில்லை. திரும்பி வரும் வழியில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. கார்களோடு சாலையில் சிக்கியவர்களை மீட்புப் படையினர் வந்து மீட்க வேண்டியதாயிற்று. அந்த ஊர்க்காரர்களுக்கே விதி பொருந்துகிறது என்பதைக் குறித்துக்கொள்க. எந்தப் பக்கம் நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும் என்பதில் தெரிவுகள் இருந்திருக்கும்.

இப்போது அத்தை. பயணத்தில் வராதவரின் செல்வாக்கு வருகிறவர்களின் செல்வாக்கைவிட மிகுதியாக இருப்பது ஏன்? இதற்குத் தமிழ் மரபிலேயே விடை இருக்கிறது. அகத்திணைப் பாடல்களில் தலைவன் பொருள்தேடப் பாலைவழி போகிறான். அவ்வழியின் வெயிலையும், வற்றிய சுனையையும், வழிப்பறிக்காரரையும், பசித்த யானையையும் விரித்துச் சொல்கிறவர்கள் பலமுறை அந்த வழியில் ஓரடிகூட எடுத்துவைக்காத தலைவியும் தோழியும் செவிலித்தாயும்தான். தலைவன் கையில் வேல் இருந்தது தெரியும். மற்றபடி மூட்டையில் என்ன வைத்திருந்தான் என்பதற்கு ஒரு பட்டியலும் கிடைக்கவில்லை. உரையாசிரியர்களும் கேட்கவில்லை. ஆகப் பயணத்தின் இடரை முழுமையாக அறிந்தவர் வீட்டிலிருப்பவரே என்பது நம் இலக்கிய மரபு ஏற்றுக்கொண்ட கொள்கை. அத்தை அந்த மரபின் தற்கால வாரிசு. “தம்பி, அங்க காத்து காதுக்குள்ள பூந்து மூளை வரைக்கும் போவும்லா. எல்லாருக்கும் மங்கி குல்லா எடுத்து வையி” என்று அவர் அனுப்பிய குரல்பதிவு குழுவில் சிரிப்பை உண்டாக்கியது. கடலிலிருந்து தடுப்பின்றி வரும் காற்றும், பக்கவாட்டில் அடிக்கும் மழையும், கோடையிலும் பத்துப் பாகையைச் சுற்றியே நிற்கும் வெப்பமும் உள்ள நிலத்தில், காதும் கழுத்தும் மூடும் கம்பளிக் குல்லாவைவிட நல்ல ஆலோசனை இதுவரை குழுவில் வரவில்லை என்பதை இவ்வாய்வாளர் பதிவுசெய்யக் கடமைப்பட்டிருக்கிறார். மாமா பருத்தித் துண்டை எடுத்துவைத்திருக்கிறார். அது நனைந்தால் நான்கு நாளும் உலராது.

சமையல் பற்றிய பகுதி விரிவானது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாமா சின்ன குக்கர் வேண்டும் என்றார். ஹ்ராஃப்ன்டின்னுஸ்கர் ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது, அங்கே தண்ணீர் 97 பாகைக்குள்ளேயே கொதித்துவிடும், சோறு வேக நேரமாகும் என்பது அவர் காரணம். அறிவியல் சரி. மூன்று பாகைக்காக ஒன்றரை கிலோ இரும்பு சுமப்பது சரியா என்பதுதான் கேள்வி. கேஸ் டப்பாவை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், போய்த்தான் வாங்க வேண்டும் என்பதில் தெரிவு இல்லாததால் அது ஒரே செய்தியில் தீர்ந்தது. கடைசியில் அத்தையே தீர்ப்புச் சொன்னார்: அவல். வேக வேண்டாம், ஊறினால் போதும், எடை கிடையாது. அதன் பிறகு கெட்டி அவலா மெல்லிசு அவலா என்ற கிளைவிவாதம் எழுந்தது.

டார்ச் விளக்கும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. தலையில் கட்டும் விளக்கு எத்தனை லூமன், பேட்டரி மாற்றுவதா மின்னேற்றுவதா என்று நெடிய பேச்சு. பயணம் ஜூன் கடைசியில். அப்போது அந்நாட்டில் சூரியன் நள்ளிரவை ஒட்டிப் பெயருக்கு மறைந்து மூன்று மணிக்கெல்லாம் எழுந்துவிடும்; இருட்டே கிடையாது. வேண்டியது விளக்கல்ல, கண்ணைக் கட்டிக்கொள்ளத் துணி. துணியில் வகை குறைவு. பட்டியலில் மூன்று விளக்குகள் இருக்கின்றன.

பட்டியல் என்று சொன்னேன். மருமகன் தயாரித்த அந்த எக்செல் தாள்தான் இவ்வாய்வின் தலையாய ஆவணம். அதில் நெடுவரிசைகள் நான்கு: பொருள், எடை, விலை, யார் தூக்குவது. இந்நான்கையும் உற்றுநோக்கினால் தெரிவு விதியின் முழு இயக்கமும் புலப்படும். எடை உள்ளது உள்ளே வரும். விலை உள்ளது உள்ளே வரும். தூக்கக்கூடியது உள்ளே வரும். ஆற்றுக்கு விலை இல்லை. காற்றை யாரும் தூக்குவதில்லை. மூடுபனியை எடையிட இயலாது. எனவே அந்த நிலத்தில் மனிதரைக் கொல்லக்கூடியவை எவையோ அவை அனைத்தும் தாளின் அமைப்பாலேயே வெளியே நிறுத்தப்பட்டன. மருமகன் மீது குற்றமில்லை. வாசலின் அளவு அப்படி.

ஆறுகளைச் சற்று விரித்துப் பேசியாக வேண்டும். இந்தப் பாதையில் பெரிய ஆறுகள் சிலவற்றுக்கு நடைபாலம் உண்டு. மற்றவற்றை இறங்கித்தான் கடக்க வேண்டும். இரண்டாம் நாள் முடிவில் ஆல்ப்தவத்ன் ஏரி. அதிலிருந்து எம்ஸ்த்ரூர் போகும் மூன்றாம் நாளில் ப்ராட்ஹால்ஸ்குவிஸ்ல், ப்ளாஃப்யாட்லாகுவிஸ்ல் என இரண்டு. கடைசி நாளில் த்ரோங்காவ். நீர் முழங்காலளவு, மழைக்குப் பின் தொடை வரை. பனி உருகி வந்த நீர். கால் வைத்த சில நொடிகளில் பாதம் மரத்துவிடும். மாமா கேட்டார்: “பாலம் கட்டக் கூடாதா? அவ்வளவு காசு வாங்குறானே.” இந்த ஆறுகள் படுகையை மாற்றிக்கொண்டே இருப்பவை, வெள்ளம் வந்தால் பாலத்தையும் இழுத்துப்போகும் என்று மகள் விளக்கினார். மாமா அதை வராக்கடன் போல ஏற்றுக்கொண்டார்.

ஆற்றைக் கடக்கும் முறையில் வாங்கவேண்டிய பொருள் ஏதுமில்லை, தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு. குறுகிய இடத்தில் கடக்கக் கூடாது. அங்கே ஆழமும் வேகமும் அதிகம். அகலமாகப் பல கிளையாகப் பிரிந்து ஓடும் இடத்தைத் தேட வேண்டும். முதுகுப்பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிட வேண்டும், விழுந்தால் பையை உதறிவிட்டு எழுவதற்கு. வெறுங்காலோடு இறங்கக் கூடாது. கைகோத்துக்கொண்டு சேர்ந்து கடப்பது நல்லது. பனியாற்று நீர் பகல் வெயிலில் ஏறும், விடிகாலையில் குறைந்திருக்கும். ஆகவே சீக்கிரம் கிளம்புவதே பாதிப் பாதுகாப்பு. இவை எதிலும் நிறமில்லை, பிராண்டு இல்லை, விலைக்கழிவு இல்லை. எனவே இவை பற்றி விவாதமும் இல்லை. விடிகாலையில் கிளம்புவது என்ற ஒன்று மட்டும் சிறு சலசலப்பை உண்டாக்கியது. மாமா பித்தளை பில்டர் கொண்டுவருகிறார். டிகாஷன் இறங்க வேண்டும். பனியாற்றின் நீர்மட்டத்துக்கும் டிகாஷன் இறங்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பு, நீரியலில் இதுவரை கவனிக்கப்படாதது.

வெறுங்காலோடு இறங்கக் கூடாது என்ற வாக்கியத்தை மட்டும் குழு பற்றிக்கொண்டது. அதில் ஒரு பொருள் ஒளிந்திருந்தது: செருப்பு. அன்று முழுவதும் பேச்சு பெருக்கெடுத்தது. ரப்பர் செருப்பு ஓட்டத்தில் கழன்றுபோகும். பின்பட்டை வைத்த சாண்டல் வேண்டும். பழைய கேன்வாஸ் ஷூ போதும், அது நனைந்தால் கனக்கும், கனத்தால் என்ன, ஆற்றுக்கு மட்டுந்தானே. ஆறாக நுழைய முடியாத ஆறு, செருப்பாகப் பட்டியலுக்குள் நுழைந்தது. 310 கிராம். தூக்குபவர்: அவரவர்.

முதல் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். லாண்ட்மன்னலாய்கரிலிருந்து ஹ்ராஃப்ன்டின்னுஸ்கர் வரை 12 கிலோமீட்டர், ஏறத்தாழ 470 மீட்டர் ஏற்றம். 1477 வாக்கில் வடிந்து உறைந்த எரிமலைக் குழம்பின் நடுவே நடை தொடங்கும். மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை என்று வண்ணம் பூசிய ரையோலைட் மலைகள், புகைவிடும் கந்தக ஊற்றுகள், வழியெங்கும் கறுப்புக் கண்ணாடியாக மின்னும் ஒப்சிடியன் கற்கள். புகைப்படம் எடுக்கத்தக்கவை எல்லாம் இந்த ஒரு நாளில் இருக்கின்றன. இந்த நாளைப் பற்றிய பேச்சு கேமராவைப் பற்றியதாகவே இருந்ததில் வியப்பில்லை. அந்த மேட்டில் ஜூலையிலும் பனித்திட்டுகள் கிடக்கும். மூடுபனி இறங்கினால், வழிகாட்டும் மரக்கட்டைகளில் அடுத்ததுகூடத் தெரியாது.

இங்கே ஆய்வாளர் விளையாட்டை ஒதுக்கிவைக்கிறார். 2004 ஜூன் கடைசியில் இதே மேட்டில், பனிப்புயலில் சிக்கிய 25 வயது இளைஞர் ஒருவர், குடிலுக்கு மிக அருகில் இறந்துபோனார். பாதையோரத்தில் அவர் நினைவாகக் கற்குவியல் ஒன்று இருக்கிறது. ஜூன் என்பது அங்கே கோடை. எங்கள் பயணமும் ஜூனில். மகள்தான் இதைக் குழுவில் எழுதினார். கூடவே இரண்டு காரியங்களும் செய்தார்: நடக்கப்போகும் நாட்களையும் வழியையும் அந்நாட்டின் பயணப் பாதுகாப்புத் தளத்தில் பதிவுசெய்யும் முறையைக் கண்டறிந்தார், எல்லார் தொலைபேசியிலும் அவசர எண் 112க்கான செயலியை இறக்கச் சொன்னார். அந்நாட்டின் மலைமீட்பு பெரும்பாலும் தன்னார்வலர்களால் நடக்கிறது. வேலையை விட்டுவிட்டு வருகிற தச்சரும் ஆசிரியரும்தான் மீட்புப் படை. கிளம்பும் காலையில் குடில் காப்பாளரிடம் வானிலை கேட்க வேண்டும், அவர் இருங்கள் என்றால் இருக்க வேண்டும் என்றும் எழுதினார். நீண்ட செய்தி. யாரும் பதில் எழுதவில்லை. சற்றுநேரம் கழித்து மாமா, “சரிம்மா” என்றார்.

தெரிவு விதிக்கு எதிராக எழக்கூடிய மறுப்பு ஒன்றையும் ஆராய்வோம். ஊறுகாயைப் பற்றிப் பேசுவது வீணா? எரிமலையைப் பற்றி ஒன்றும் செய்ய முடியாது, ஊறுகாயைப் பற்றிச் செய்ய முடியும், எனவே ஊறுகாயைப் பற்றிப் பேசுவதே அறிவுடைமை என்று மருமகனின் தம்பி வாதிட்டார். வலுவான வாதம். ஆனால் எரிமலைக்கும் ஊறுகாய்க்கும் நடுவே ஒரு பெரிய வெளி இருக்கிறது. ஆறும் காற்றும் மூடுபனியும் கிளம்பும் நேரமும் அந்த வெளியைச் சேர்ந்தவை. அவற்றில் வாங்க ஒன்றுமில்லை, செய்ய நிறைய உண்டு. ‘வாங்கலாமா’ என்பதையே ‘செய்யலாமா’ என்று எடுத்துக்கொண்டதால் நடுவெளி முழுக்க எரிமலைக் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. தெரிவு விதியில் தெரிவு எனப்பட்டது கடையில் கிடைக்கும் தெரிவையே குறிக்கும் என்று இங்கே ஒரு திருத்தம் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தம்பிக்கு நன்றி.

குடில் பதிவு திறந்தபோது ஹ்ராஃப்ன்டின்னுஸ்கரில் இடம் கிடைத்தது, ஆல்ப்தவத்னில் கிடைக்கவில்லை. நடுவே ஓரிடத்தில் நினைத்தபடி படுத்துக்கொள்ளலாமா என்று மாமா கேட்டார். குடில்களை ஒட்டிய முகாமிடங்களில்தான் கூடாரம் போட வேண்டும் என்று மகள் சொன்னார். கூடாரக்காரர்களுக்குக் குடிலின் அடுப்பும் கிடையாது. ஆகவே கூடாரம் வாங்குவதென்று முடிவாயிற்று. அந்தக் காற்றுக்கு எத்தனை கம்பி உள்ள கூடாரம் நிற்கும், முளைக்குச்சி இறங்காத தரையில் கயிற்றை எந்தக் கல்லில் கட்டுவது, நனைந்த கூடாரத்தை மறுநாள் யார் சுமப்பது என்பன அடுத்து வந்திருக்க வேண்டிய கேள்விகள்.

வந்தது நிறம். மீட்புக்காரர் கண்ணில் படும் என்று மகளும் மருமகனும் ஆரஞ்சு என்றார்கள். அழுக்குத் தெரியாது என்று மாமா பச்சை என்றார். தம்பி ஆரஞ்சு. ஆய்வாளர் நடுநிலை வழுவாமல் பச்சைக்கு வாக்களித்தார். மூன்றுக்கு இரண்டு என்று ஆரஞ்சு தெளிவாக வென்று பல நாளாகிறது. ஆனால் அத்தை இன்னும் ஒன்றும் சொல்லவில்லை; அவர் பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக்குறிகள் மட்டும் தெரிகின்றன. அதுவரை யாரும் வாங்குவதாக இல்லை.